வூட்ல சொல்லிட்டு வந்தியா

திடீரென்று சாலையில் குறுக்கே வந்த பெண்ணை இடிக்காமல் தேசிங்கு எப்படியோ ஆட்டோவை நிறுத்திவிட்டான். பிறகு, சாகப் பார்த்தவர்களிடம் சென்னை ஆட்டோக்காரர்கள் வழக்கமாகக் கேட்பதைத் தலையை நீட்டிக் கேட்டான்.

"இன்னாம்மா, வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

அவள் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவள். முகம் மலர்ந்து நின்றாள்.

"ஓம் அண்ணா, அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான். இந்த ஊரில ஒருத்தரும் என்னை இப்பிடிக் கேக்கேல்ல."

பின்னால் ஹாரன்கள் அலறின. தேசிங்குக்கு அடுத்த வசவு வாயில் வரவில்லை.

"பாத்துப் போம்மா," என்றான்.

மறுநாள் காலை சாவியோடு வாசலைத் தாண்டியவன் திரும்பி வந்தான். கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒருநாளும் அவன் சொல்லிக்கொண்டு கிளம்பியதில்லை.

"அமுலு, போய்ட்டு வரேன்."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்த அமுலு, அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.