முளைக்காத முளைப்பாரி

மாரியம்மன் மேல் ஆணை, இதில் ஒரு சொல் பொய் கிடையாது. மல்லாங்கிணறு பக்கத்துப் பாண்டிமுருகன் பெண்டாட்டி முத்துமாரி மேல் அம்மனுக்குத் தீராத கோபம்.

அம்மன் கோயில் புரட்டாசிப் பொங்கலுக்கு ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் வீட்டு இருட்டறையில் முளைப்பாரி போட்டிருந்தார்கள். மற்ற வீடுகளில் பயிர் எழுந்த வேகத்தில் இரண்டு கூரைகளில் ஓடு பெயர்ந்துவிட்டது. முத்துமாரியின் சட்டியில் மட்டும் மொச்சையும் பாசிப்பயறும் ஊறி, உப்பி, அப்படியே அழுகிக் கிடந்தன.

“போன வருசமும் இதே கூத்து.” மாமியார் மூக்கம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். “வயித்துலயும் ரெண்டு தங்கல, சட்டியிலயும் தங்கல. என்ன கையோடி ஒன் கை.”

முத்துமாரிக்கு வயிற்றில் மறுபடி மூன்று மாதம். இதையாவது தங்க வை தாயே என்று வேண்டித்தான் சட்டியே போட்டாள்.

விரதத்தில் குறை சொல்ல முடியாது. குடிக்க, குளிக்க, அந்தச் சட்டிக்கு ஊற்ற, எல்லாம் சொந்தக் கிணற்றுத் தண்ணீர். தெருக்குழாய்த் தண்ணீரை வாசல்படி ஏற்றுவது அந்த வீட்டுக்குக் கௌரவக் குறைச்சல்.

கிணற்றடியில் பாண்டிமுருகன், மக்காச்சோளக் காட்டுக்குக் களைக்கொல்லி அடித்த டேங்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான். பொறுப்பான ஆள். அவனுக்குப் பயந்து புல் பூண்டெல்லாம் குடும்பத்தோடு ஊரைக் காலி செய்துவிட்டதால், கிணற்றைச் சுற்றி மொட்டைத் தரை.

“அவள ஏசாத ஆத்தா. வாய் ஒலந்து நிக்கா பாரு.” கையைத் துடைத்துக்கொண்டு ஒரு செம்பு இறைத்து நீட்டினான். “குடி புள்ள.”

பாதி குடித்திருப்பாள். பக்கத்து வீட்டு ராக்காயி, துணி மூடிய சட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள்.

“ஏ சின்னம்மா, ஒப்பாரிய நிப்பாட்டுங்க. இதுவும் ஒங்க மருமக போட்டதுதான். போன வருசம் மாதிரி ஆயிருமோன்னு பயந்து எங்க வீட்டுலயும் ஒண்ணு வச்சா. தெனமும் அவளே வந்து தண்ணி ஊத்துனா.”

துணியை விலக்கினாள். முழங்கை உயரத்துக்கு, இளமஞ்சளாக, விரல் நுழைய இடமின்றிப் பயிர் நின்றது.

மூக்கம்மாள் எழுந்து குலவையிட்டாள். “ஆத்தா மனசு எறங்கிட்டா.”

பாண்டிமுருகனுக்கு மட்டும் விளங்கவில்லை. “அதே பயறு, அதே சாணி, அதே கை. இங்கன மொளைக்காதது அங்கன மட்டும் எப்படிப் புள்ள மொளைச்சுச்சு?”

முத்துமாரி, டேங்க்கிலிருந்து வழிந்த நுரை கிணற்றுச் சுவர் விரிசலில் இறங்குவதைப் பார்த்தாள். மொட்டைத் தரையைப் பார்த்தாள். செம்பை மெல்லக் கீழே வைத்தாள். கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

“அங்கன ஊத்துனது தெருக்குழாய்த் தண்ணிங்க.”