பாடிப் போனவள்

ஈஸ்டருக்கு மறுநாள். குடிபாலா பள்ளி மைதானத்தில் மாலை வெயில் சாய்ந்து, நடுக்கோட்டின் சுண்ணாம்பு கண் கூசுகிறது. பெண்கள் கபடி இறுதி ஆட்டம் முடியப்போகிறது. சர்ச் அணிக்காகக் கடைசியாகப் பாடிப் போன சுகிர்தா, எதிரணியின் நான்கு பேருக்கு அடியில் குப்புறக் கிடக்கிறாள். மூச்சு விடாமல் கபடி சொல்லிக்கொண்டே கோட்டைத் தொட்டுவிட்டால் கோப்பை சர்ச்சுக்கு. அந்த நால்வரில் ஒருத்தி யாமினி, அவள் கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுக்கியிருக்கிறாள். "கபடி, கபடி" என்ற குரல் தேய்கிறது. தேய்ந்த இடத்தில், அவளுக்கே தெரியாமல், ஜெபத்தில் பழகிய நாக்கு வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறது: "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்..." வாயில் வைத்த விசிலை நடுவர் ஊத மறந்து நிற்கிறார். விரல்கள் மண்ணைக் கீறிக்கொண்டு நகர்கின்றன. நகக்கண்ணில் சுண்ணாம்பு ஒட்டுகிறது. அப்போதுதான் விசில். "கபடின்னு சொல்லலியே. ஃபவுலும்மா, அவுட்டு," என்கிறார் நடுவர், யாரையும் பார்க்காமல். சர்ச் பக்கம் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஜெயித்த யாமினிதான் கிடந்தபடியே கத்துகிறாள்: "சார், அவ மூச்சு உடவேல்ல சார்! நான் புடிச்சிக்கினே இருந்தேன், எனக்குத் தெரியும்!" அவள் கைக்குள் அந்தக் கால் இன்னும் துடிக்கிறது. மண் அப்பிய உதடுகள் இன்னும் பாடிக்கொண்டிருக்கின்றன.