தகரத்தின் மேலிருந்த செங்கல்

“ரெண்டே மாசம் கீழ்ரூமைக் கொடுண்ணா, புள்ள வெந்து சாவுது!” என்று மொட்டைமாடியில் தம்பி கத்துகிறான். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுகிற மெக்கானிக். குடியிருப்பது தகரக் கூரைக்கு அடியில். “ஊரையே குளுகுளுன்னு ஆக்குறியே, உனக்கொண்ணு மாட்டிக்கோயேன்!” என்கிறார் அண்ணன். எப்போதோ காய்ந்துவிட்ட துணியை எடுக்கிற சாக்கில் நான் பக்கத்து வீட்டு மாடியில் நிற்கிறேன். நாற்பத்து மூன்று டிகிரி வெயிலில் என் செருப்பு தரையோடு ஒட்டுகிறது. தகர அறைக்குள் குழந்தை வேர்க்குருவோடு சிணுங்குகிறது. அதன் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள். தம்பி அண்ணனின் சட்டையைப் பிடிக்க, அவர் பளாரென்று அறைகிறார். மேற்கே வானம் கருத்து, மண்ணை வாரிக்கொண்டு காற்று வருவதை இருவருமே பார்க்கவில்லை. தம்பி கூரை மேலிருந்து ஒரு செங்கல்லை உருவி வீசுகிறான். தகரத்தை அமுக்கி வைத்திருந்ததே அந்தச் செங்கல்தான். அண்ணன் குனிய, அது தண்ணீர்த் தொட்டியில் மோதிச் சிதறுகிறது. அதற்குள் காற்று அடியில் புகுந்து, தகரம் ஆணிகளைப் பிய்த்துக்கொண்டு தெருவுக்குப் பறக்கிறது. கூரையில்லாத அறைக்குள் ஆலங்கட்டி சடசடவென்று விழுகிறது. குழந்தை வீறிடுகிறது. இருவரும் வாய் பிளந்து நிற்க, கீழிருந்து ஓடி வந்த அண்ணி குழந்தையை முந்தானைக்குள் பொத்திக்கொள்கிறாள். “வழிய விடுங்க, ரெண்டு பயில்வானும்!” என்று இடித்துத் தள்ளிக்கொண்டு படியிறங்குகிறாள்.

கீழறை அன்றே அண்ணியின் கையால் தம்பி குடும்பத்துக்குக் கைமாறியது. அடுத்த வாரமே அண்ணன் கோபித்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனார். அண்ணி போகவில்லை.