பாலத்தடியில் ஒரு மிதிபடகு

ஈரானுக்கு வந்ததே அகிலாவுக்காகத்தான். கட்டடக்கலை படித்தவள். கல்யாணமான புதிதில் ஒரு பழைய பாலத்தின் படத்தைக் காட்டி, அந்த வளைவுகளுக்குக் கீழே இருவரும் படகில் போக வேண்டும் என்றாள். அவள் இறந்த பிறகு நான் மட்டும் வந்தேன். ஆறு வற்றியிருந்தது. எல்லா வளைவுகளுக்கும் கீழே மணல். அன்னப்பறவை வடிவ மிதிபடகுகள் மணலில் வரிசையாக நின்றன.

படகுக்காரர் ஹுஷங் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பாலத்தின் காலில் ஓடிய விரிசலைக் காட்டி, வெள்ளம் செய்த வேலையா என்று கேட்டேன்.

"வெள்ளம் இதை என்ன பண்ணும்? நானூறு வருஷமா தண்ணியிலதான் நிக்குது. அடியில இருக்கிற சுண்ணாம்புக் காரை நனைஞ்சுக்கிட்டே இருக்கணும் தம்பி. ஆறு போனப்புறம்தான் வெடிக்குது."

படகில் ஏறலாமா என்றேன்.

"ஒத்த ஆளா ஏத்த மாட்டேன். ஒரு பக்கமா சாஞ்சிடும்," என்றவர் மணலைப் பார்த்துச் சிரித்தார். "இப்ப என்ன, தாராளமா உக்காருங்க."

இடப்பக்கம் உட்கார்ந்தேன். படகு சாயவில்லை. மிதித்தேன். காலியாயிருந்த பக்கத்தின் மிதிகட்டைகளும் கூடவே சுழன்றன.