நாகுக்கன்றுக்குச் சூடு

மாட்டுக்குச் சூடு போடும் இரும்புகள் இரண்டும் தணலுக்குள் கிடந்தன.

ஒன்று, அண்ணன் அப்புத்துரை பருத்தித்துறையிலிருந்து சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தது. அதன் நுனியில் தகப்பனுடைய பெயரின் முதலெழுத்து.

மற்றது, முள்ளியவளைக் கொல்லனிடம் சொல்லிக் கமலாசனி செய்வித்தது. நுனியில் ‘க’. சரியாகத்தான் சொல்கிறீர்களா என்று கொல்லன் திருப்பித் திருப்பிக் கேட்டான்.

பெண்கன்றான அந்த நாகு, கால் கட்டுண்டு நிலத்தில் கிடந்தது. அதன் கழுத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்திருந்த இளையதம்பி நிமிர்ந்து பார்த்தான். நாயாற்றங்கரையில் அவளுடைய மாடுகளை வாரத்துக்கு மேய்க்கிறவன் அவன். ஈனுகிற கன்றுகளில் பாதி அவனுக்கு, பாதி அவளுக்கு.

“எதைப் போட, மிஸ்ஸி?”

முல்லைத்தீவில் எல்லோருக்கும் அவள் மிஸ்ஸிதான். திருகோணமலையில் குண்டு விழுந்த வருடம் இங்கே நேர்ஸாக மாற்றலாகி வந்தாள். வந்த மாதச் சம்பளத்தில் ஒரு நாகு வாங்கி இளையதம்பியிடம் விட்டாள். கூட வேலை செய்தவர்கள் சங்கிலி செய்வித்தார்கள். சங்கிலி கன்று போடுமா என்று அவள் கேட்டபோது விடுதியே சிரித்தது.

பிறகு பதுளை, மாத்தறை, வவுனியா என்று எங்கெங்கோ மாற்றினார்கள். பட்டி மட்டும் இங்கேயே நின்று பெருகியது.

ஆனால் கலியாணம் முடிக்காதவளின் மாட்டுக்குத் தகப்பன் வீட்டுச் சூடுதான் போடுவது. யாருடைய சூடோ, அவரே விற்கலாம். வாங்கியவள் அவள். விற்கக்கூடியவர் அண்ணன்.

அதனால்தான் இன்றைக்கு அவரை அழைத்திருந்தாள். அண்ணன் பார்த்திருக்கப் போட்ட சூட்டை நாளைக்கு ஒருவரும் கேள்வி கேட்க முடியாது.

“அண்ணை, நாம்பனெல்லாம் உங்களுக்கு. உழவுக்குக் கொண்டுபோங்கோ. நாகும் பசுவும் எனக்கு.”

அப்புத்துரை பட்டியைப் பார்த்தார். நாம்பன்கள் திமிலை உயர்த்திக்கொண்டு முன்னால் நின்றன. அவற்றுக்கு நல்ல விலை வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். முகத்தில் ஒரு தாராளம் வந்தது.

“பொம்பிளையள் சூடு போட்டு நான் காணேல்லை. ஊர் சிரிக்கப் போகுது, பிள்ளை.”

“மாடு சிரிக்காட்டிக் காணும்.”

இளையதம்பி குனிந்து சிரிப்பை மறைத்தான்.

“சரி, போடு. ரெண்டும் ஒரு வளவுக்குள்ள நிக்கப்போற மாடுகள்தானே.”

கமலாசனி தன் இரும்பை எடுத்தாள். சிவப்பு அடங்கிச் சாம்பல் நிறம் வரும்வரை பொறுத்தாள். கன்றின் தொடையில் நேராக வைத்து, அழுத்தி, எடுத்தாள்.

மயிர் கருகிய மணம் எழுந்தது. கன்று ஒரு தடவை கத்தியது.

தோல் வேகவேண்டும், தசை வேகக்கூடாது. எத்தனை வெந்த புண்களுக்கு மருந்து கட்டியிருப்பாள்.

வேப்பெண்ணெய் தடவி அவிழ்த்துவிட்டதும் கன்று எழுந்து தாயிடம் ஓடியது. கிழட்டுப் பசு அந்த ‘க’வை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் அசைபோட்டது. இனி மற்றப் பசுக்களுக்கும் பழைய சூட்டின் மேலே இது விழும்.

அப்புத்துரை தன் இரும்பை மணலில் குத்தி ஆறவிட்டார். சண்டை பிடிக்காமல் முடிந்ததில் அவருக்கும் சந்தோஷம்தான்.

கமலாசனி அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் காலைப் பாலை வடிக்க உட்கார்ந்தாள். அவர் மரக்குற்றியில் இருந்தபடி கதைத்துக்கொண்டிருந்தார்.

“வடக்கு அறைக்கு வெள்ளை அடிச்சாச்சு. உன்ர மச்சாள் கட்டிலும் போட்டிட்டா. அடுத்த மாசம் நீ பென்சன் எடுத்த உடன, லொறி ஒண்டு பிடிச்சு மாடுகளையும் உன்னையும்...”

அவர் பால் பானையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயில் கட்டியிருந்தது தடித்த வெள்ளைத் துணி. அதன் ஒரு பக்கத்தில் சட்டைப்பை ஒன்று தைத்தபடியே இருந்தது. பேனையும் வெப்பமானியும் செருகிச் செருகி அதன் விளிம்பு தேய்ந்திருந்தது. பால் அந்தப் பைக்குள் தேங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கியது.

வேலையில் இருக்கிற நேர்ஸ் தன் சீருடையை வெட்டமாட்டாள்.

அவருடைய பார்வை பட்டிக்குப் பின்னால் போனது. வந்ததிலிருந்து இளையதம்பியின் வீடு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வீடு. கூரையில் புதுக் கிடுகு. திறந்த கதவுக்குள்ளே அவளுடைய றங்குப்பெட்டி. அதன் மேல் மடித்து வைத்த சேலைகள்.

கமலாசனி துணியை அவிழ்த்துப் பிழிந்து கொடியில் போட்டாள்.

“சீனி எவ்வளவு, அண்ணை?”