வாசலில் இரண்டு நிமிஷம்

"இவரை நம்பி வண்டியை விட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார் தம்பி.

அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டாக்சி. பகலில் தம்பி ஓட்டுவார், ராத்திரி அண்ணன். இரண்டு பேருக்கும் அதுதான் சோறு. அது என் ஒர்க்‌ஷாப் வாசலில் நீலப் புகை கக்கிக்கொண்டு நின்றது.

ஓட்டி வந்தவர் அண்ணன். நிறுத்தியதும் அணைக்கவில்லை. கொஞ்ச நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு, அப்புறம்தான் சாவியைத் திருப்பினார். பரவாயில்லையே, விவரம் தெரிந்த ஆள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த நினைப்புக்கு என் தலையில் நானே அடித்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

"வண்டிக்கு என்ன?"

"இழுக்க மாட்டேங்குது அண்ணே" என்றார் தம்பி என்னிடம். "மிதிச்சா கத்துது, நகரல. எங்க வீடு மேட்டுத் தெருவுல கடைசி. நேத்து பாதி மேட்டுல நின்னுடுச்சு. ஆயில் வேற ஊத்த ஊத்தக் காணாமப் போகுது. கீழ ஒரு சொட்டு ஒழுகல."

கீழே ஒழுகவில்லை என்றால் உள்ளே எரிகிறது என்று அர்த்தம். பானெட்டைத் தூக்கினேன்.

ஏர் ஃபில்ட்டர் சுத்தமாக இருந்தது. ரப்பர் குழாய்களில் கிழிசல் இல்லை. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து போகும் பெரிய குழாயைக் கழற்றிச் சாய்த்தேன். காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாயிலிருந்து ஆயில் குபுக்கென்று கொட்டியது.

டர்போவின் விசிறியை விரலால் ஆட்டிப் பார்த்தேன். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. அதற்கு ஆயில் கொண்டுவரும் சின்னக் குழாயைக் கழற்றி ஊதினேன். காற்றுகூடப் போகவில்லை. உள்ளே முழுக்கக் கரி.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"வீட்டு மேட்டுல வண்டியை ஏத்தறது யாரு?"

"இவர்தான்" என்றார் தம்பி. "நான் ஸ்டாண்டுலயே வண்டியை இவர் கையில கொடுத்துட்டு நடந்து போயிடுவேன்."

அண்ணனைப் பார்த்தேன். "மூச்சு முட்ட மேடு ஏறி வந்து, வாசல்ல நின்ன கையோட அணைச்சிடறீங்க. அப்படித்தானே?"

"ஆமாங்க" என்றார்.

"டர்போ சுத்துற தண்டுக்கு ஆயில்தான் உயிர். மேடு ஏறினதுல அது நெருப்பாக் கொதிக்கும். உடனே அணைச்சா ஆயில் வர்றது நின்னுடும், இருக்கிற ஆயில் அந்தச் சூட்டுல கருகி அடைச்சுக்கும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டிருந்தா ஆறியிருக்கும். ரெண்டே ரெண்டு நிமிஷம்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அண்ணே" என்றார் தம்பி. "வண்டி வாங்கினப்பவே சொன்னாங்க. வீட்டுக்குள்ள போய்ப் படுக்கறதுல அப்படி என்ன அவசரமோ."

அடியில் ஆயில் திருகைத் திறந்து, சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தேன். மினுமினுவென்று இருந்தது. இரும்புத் தூள்.

"டர்போ மட்டுமில்ல, இன்ஜினும் போச்சு. இதைச் சரி பண்றேன்னு உங்களை ஏமாத்த மாட்டேன். எடைக்குத்தான் போடணும்."

தம்பி அங்கே கிடந்த பழைய டயரில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன வருஷம்தான் அவருடைய ஒரே பெண் குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. ஒர்க்‌ஷாப்பிலிருந்து நாங்கள் எல்லாரும் சாவுக்குப் போயிருந்தோம்.

"பாப்பாவும் போச்சு, சோறும் போச்சு" என்றார் யாரையும் பார்க்காமல். அப்புறம் எழுந்து அண்ணன் முன்னால் வந்து நின்றார். "இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. நாளைக்கே உன் சாமானை எடுத்துக்கிட்டு வீட்டை விட்டுப் போயிடு."

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். தம்பி திரும்பிப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

கல்லு மாதிரி நிற்கிற அந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியாமப் பண்ணியிருந்தாக்கூட மனசு ஆறும். இங்க வந்து நிறுத்தினப்ப ஓடவிட்டுத்தானே அணைச்சீங்க? தெரிஞ்சிருக்கு இல்ல? வீட்டு வாசல்ல மட்டும் என்ன கேடு?"

அவர் கேட் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தம்பி தெருமுனை தாண்டியிருந்தார்.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் மெதுவாக. "ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுத்துட்டு, நான் வர்ற நேரத்துலதான் கண்ணசருவான். தூக்கத்துல செய்யறது எதுவும் விடிஞ்சா அவனுக்கு ஞாபகம் இருக்காது."

"என்ன செய்வார்?"

"அன்னிக்குப் பாப்பாவைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் இன்ஜினை அணைக்காமலே வாசல்ல நின்னுது. இப்பவும் வாசல்ல வண்டி ஓடிக்கிட்டே நின்னா, தூக்கத்துலயே எழுந்து வந்து பின்கதவைத் திறந்து, பாப்பாவை வாங்கிக்கக் கையை நீட்டறான்."