பாடத்துக்குப் பக்கத்துல ஒரு ரெண்டு

"ஏலே, எல்லாரும் உக்காருங்க! ஏட்டி மாரிச்செல்வி, அந்த வாய ஒரு மணி நேரம் பூட்டி, சாவிய எங்கிட்ட குடு!"

கிளாஸே சிரிச்சுது. திருப்பதி சார் கிளாஸ்னா அப்படித்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில இருக்க கம்ப்யூட்டர் சென்டர்ல எட்டு வருசமா லினக்ஸ் சொல்லிக் குடுக்காரு.

ஆனா இன்னைக்கி அவருக்கு வாய் சிரிக்க, வயிறு எரிஞ்சுது. எரியவச்ச ஆளு கடைசி பெஞ்சுல உக்காந்திருந்துது. கற்பகம்.

போன வருசம் வேலைக்கு வந்த பிள்ள. பேசுனா பக்கத்து சேருக்கே கேக்காது. அதப் போயி, "அக்கா, உங்க கிளாஸ் எப்பக்கா?"ன்னு எல்லாம் ஈ மாதிரி மொய்க்குதுவ. போதாததுக்கு, எட்டயபுரத்துல தொடங்கப்போற புது பிராஞ்ச யாரு கையில குடுக்கலாம்னு பாக்க ஓனர் ரபீக் பாயே வந்து, அவ பக்கத்துல உக்காந்திருக்காரு.

இருக்கட்டும். திருப்பதி நேத்தே ஒண்ணக் கண்டுபுடிச்சிட்டாரு. கம்ப்யூட்டர்ல அவரு எழுதிவச்ச முப்பத்திரெண்டு பாடத்துக்கும் பக்கத்துல 'ரெண்டு'ன்னு ஒரு நம்பர் நின்னுது. ஒண்ணுல்லா நிக்கணும்? தேடிப்பாத்தா, அம்புட்டும் கற்பகம் போல்டர்லயும் இருக்கு!

"இன்னைக்கி பாடம் லிங்க். சாஃப்ட் லிங்க்னா, பைபாஸ்ல 'கயத்தாறு'ன்னு அம்பு போட்டு போர்டு நிக்கில்லா, அதான். வழி மட்டும் காட்டும். நாளைக்கி அந்த ஊரே காணாமப் போனாலும், போர்டு வெக்கமில்லாம கைய நீட்டிக்கிட்டு நிக்கும்."

"ஹார்டு லிங்க்னா, சார்?" மாரிச்செல்விதான்.

"உன்னைய வீட்ல என்னன்னு கூப்புடுதாவ?"

"பாப்பான்னு, சார்."

கிளாஸ் குலுங்குச்சு.

"ஆதார்ல மாரிச்செல்வி, வீட்ல பாப்பா. ஆளு ஒண்ணு, பேரு ரெண்டு. ஹார்டு லிங்க் அதான். ஆதார்ல உன் பேர எடுத்துட்டா நீ செத்துருவியாட்டி? பாப்பாங்கிற பேர்ல ஜம்முன்னு திரிவ. அதுமாதிரி, ரெண்டு பேரையும் அழிச்சாத்தான் ஃபைல் காலி. பக்கத்துல நிக்க நம்பர், ஒரு ஃபைலுக்கு எத்தன பேரு வச்சிருக்குன்னு காட்டும். இப்ப என் பாடத்தப் பாருங்க!"

திரையில வரிசையா ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

"என் ஃபைலுக்கு எனக்கே தெரியாம ரெண்டாவது பேரு வச்சது யாரு? அந்தா, பூன மாதிரி உக்காந்திருக்காவல்லா, அவியதான்!"

எல்லா தலையும் திரும்புச்சு.

"என்னம்மா இது?"ன்னாரு ரபீக் பாய்.

கற்பகம் வாயத் தொறக்கதுக்குள்ள திருப்பதி முந்திக்கிட்டாரு. தலையக் குனிஞ்சு, இல்லாத துப்பட்டாவ இழுத்துவிட்டு, குரல நூலாக்கி, "நான்... ஒண்ணுமே... பண்ணல பாய்..."

கிளாஸ் உருண்டு சிரிச்சுது. அந்த குஷியில, மூஞ்சி கிளாஸப் பாக்க, விரல் பாட்டுக்குக் கீபோர்டுல ஓடுச்சு.

"இந்தா, அவிய போல்டருக்குள்ள போறேன். திருட்டுப் பேரு முப்பத்திரெண்டையும் அழிக்கேன். எங்கிட்ட இருக்கது மட்டும் கம்பீரமா நிக்கும், பாருங்க!"

தட்டுனாரு.

சிரிப்பு சட்டுன்னு நின்னுது.

"சார்..." மாரிச்செல்வி திரையக் கைகாட்டுனா. "நீங்க அக்கா போல்டருக்குப் போவவே இல்ல, சார். போல்டர் பேர தப்பா அடிச்சிட்டீய. உங்க போல்டர்லயே நின்னு உங்களதத்தான் அழிச்சிருக்கீய."

திருப்பதி திரும்புனாரு. அவரு போல்டர் மொட்டையாக் கெடந்துது. எட்டு வருச உழைப்பு. மழ பேஞ்ச கரிசக்காட்டுல கால விட்டவரு மாதிரி, எடுக்கவும் முடியாம ஊனவும் முடியாம நின்னாரு.

கற்பகம் எந்திச்சு வந்துது. கீபோர்ட தன் பக்கம் இழுத்து, ஒரே ஒரு வரி அடிச்சுது. தன் போல்டர்ல இருந்த முப்பத்திரெண்டுக்கும், திருப்பதி போல்டர்ல திரும்பப் பேரு வச்சுது.

பாடம் அம்புட்டும் வந்து நின்னுது. ஒரு எழுத்து கொறையல.

"அக்கா, நீங்க போர்டு மாதிரி சாஃப்ட் லிங்க் வச்சிருந்தியன்னா?" மாரிச்செல்வி கேட்டா.

"அம்புட்டும் போயிருக்கும்லா," ரபீக் பாய் திருப்பதியப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

திருப்பதி வேர்வையத் தொடச்சாரு. ஆனா வாய் மட்டும் அடங்கல.

"சரி சரி, இதப் போயி பெருசாப் பேசிக்கிட்டு! எட்டு வருசத்துல கை ஒரு தடவ தவறாதா? யாருக்கும் நடக்கதுதான."

கற்பகம் கீபோர்ட அவரு பக்கம் தள்ளி வச்சுது. அன்னைக்கித்தான் அது பேசுனது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது.

"இதோட நாலு தடவ, அண்ணாச்சி. மத்த மூணு தடவையும் நீங்க அழிச்சத பாக்காமலே டீ குடிக்கப் போயிட்டீய."